பதினாறு நாள் அரிசி

எது கைக்கு வந்தாலும் என் வீட்டுக்காரர் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். கடை ரசீது, கல்யாணப் பத்திரிகை, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட ரிப்போர்ட், சாப்பிட விரித்த வாழையிலை, எதுவானாலும் அடிப்பக்கம்தான் முதலில். எங்கள் மூத்த மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளையின் போட்டோவைக் கொடுத்தார்கள். இவர் அதையும் திருப்பி, ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பையனின் முகத்தைப் பார்த்தார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சமையற்கட்டுக்குள் போய்ச் சிரித்தேன்.

இந்தப் பழக்கத்தை ஜப்பான்காரன் காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். அப்போது அவர் எனக்கு யாரும் இல்லை. அவர் பெயரை இத்தனை வருடத்தில் நான் வாயால் சொன்னதில்லை. எழுதலாம் அல்லவா? கணேசமூர்த்தி.

அவர் தஞ்சாவூர்ப் பக்கம். மதராஸில் காலேஜ் படித்து பி.ஏ. வாங்கியவர். படித்தது தாவர சாஸ்திரம், அதாவது செடிகொடிகளைப் பற்றிய படிப்பு. மலாயாவில், சிரம்பானில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு ஆள் கேட்டார்கள் என்று 1941-ல் கப்பல் ஏறி வந்தார். அந்த வருடம் முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பட்டாளம் தங்கிவிட்டது. ஒரு வருடம் போல அங்கே இங்கே இருந்து, இருந்த சட்டைகளை விற்றுச் சாப்பிட்டுவிட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எங்கள் தோட்டத்துக்கு நடந்தே வந்தார்.

சுங்கை காடுட் என்ற ஊருக்கு அப்பால், நாங்கள் மேட்டுத் தோட்டம் என்று சொல்லும் ரப்பர்த் தோட்டம் அது. அவர் வந்தபோது தலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வேலையாட்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் உள்ளே துணியா, பாத்திரமா என்று எட்டிப் பார்த்தார்கள். பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் காய்ந்த இலைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வோர் இலைக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் எழுதியிருந்தது.

“பொட்டி நெறைய சருகு லா!” என்று அன்று முழுக்கச் சிரித்தார்கள். 

எனக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள். ஆபீசைக் கூட்டித் துடைத்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்து, தேநீர் போட்டுக் கொடுப்பது என் வேலை. யாரிடமும் நான் அதிகம் பேசமாட்டேன். பேசாதவள் ஓரமாக நின்றால் யாரும் கவனிப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி ராமசாமி, குண்டு விழத் தொடங்கியதும் வெள்ளைக்காரத் துரையோடு சிங்கப்பூருக்குப் போனவர். அதற்கப்புறம் அவரைப் பற்றிச் செய்தி இல்லை. ஜப்பான்காரக் கம்பெனி தோட்டத்தை எடுத்தது. மொரிதா என்ற ஒருவர் மேனேஜராக வந்தார். பட்டாளத்துக்காரர் இல்லை, கண்ணாடி போட்ட கம்பெனி ஆள். மொரிதாவின் கீழே முதலில் கணக்கு எழுதியவர் எங்கள் லயத்துத் தங்கராஜு. ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து மொரிதா தலைகளை எண்ணினார். தங்கராஜு எழுதிய பெயர்கள் தலைகளைவிட அதிகமாக இருந்தன. இல்லாத ஆளின் பெயரில் அரிசி திருடினான் என்று சொல்லி, சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் ஏற்றிப்போன லோரியில் அவரையும் ஏற்றிவிட்டார்கள். அவர் மனைவி மங்கம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள்.

தங்கராஜுவின் நாற்காலியில்தான் இவர் வந்து உட்கார்ந்தார். முதல் நாளே மொரிதா சொல்லிவிட்டார், கணக்கு இடித்தால் அடுத்த லோரி உனக்கு என்று. 

இவருக்குக் கணக்கெழுதத் தெரியாது. அதைப் பார்க்கப் படிப்புத் தேவையில்லை. ராமசாமி கிராணி விட்டுப்போன தடித்த புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, ஏதோ அந்நிய பாஷையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“என்னாங்க கிராணியாரே, பி.ஏ. படிச்சவங்களுக்குக் கூட்டல் கழித்தல் வராதா?”

“கூட்டல் வருது முனியாண்டி. எதை எங்க எழுதணும்னுதான் வரல.”

“அப்ப சருக எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

இவருக்குக் கோபம் வரவில்லை. “அது நல்லா வரும்,” என்றார்.

ஒரே சாமானை எதற்காக இரண்டு இடத்தில் எழுதவேண்டும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அரிசி மூட்டை வந்தது என்று ஓரிடத்தில் எழுதியாயிற்று, இன்னோரிடத்தில் எதற்கு? ஒரு காலையில் நான் கூட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு ரப்பர் இலை அவர் மேசையில் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார்.

“மேல்பக்கம் வெயில வாங்குது. அடிப்பக்கம் மூச்சு விடுது,” என்று தனக்குள்ளே பேசுகிறவர்போலச் சொன்னார். “ரெண்டையும் பாத்தாத்தான் இலையப் பாத்ததா ஆகும்.”

பிறகு புத்தகத்தை இழுத்துக்கொண்டார். இலையைப் பார்த்த உடனே கணக்கு வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. வந்த அரிசியைக் கொடுத்த பக்கத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, தாளையே கிழித்து, அந்தக் குப்பையை எல்லாம் நான்தான் கூட்டினேன். ஆனால் அன்றிலிருந்து எந்த வரியை எழுதினாலும் ‘இதுக்கு அடிப்பக்கம் எங்கே?’ என்று தேட ஆரம்பித்தார். மாதக் கடைசியில் மூட்டையும் கணக்கும் ஒத்துப்போயின. மொரிதா முத்திரை வைத்துவிட்டுப் போனார். இவர் பெட்டியைத் திறந்து தன் சருகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் தோட்டத்தில் காய்ச்சல் பரவியது. கொய்னா மருந்து இல்லை. மூன்று பேர் போனார்கள். அதில் ஒருவர் என் அப்பா சன்னாசி.

அப்பாவைப் புதைத்த மறுநாள் அரிசி போடும் நாள். அம்மா பையோடு போய் வரிசையில் நின்றாள். அப்பாவின் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இறந்த அன்றே கிராணி பெயரை அடித்துவிட்டாராம்.

எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு காலமும் நடந்ததில்லை. ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அவருடைய அரிசி வீட்டுக்கு வரும். அதில்தான் அவருக்குப் படையல். மிச்சத்தைச் சேர்த்து வைத்து, பாடை தூக்கியவர்களுக்கும் குழி வெட்டியவர்களுக்கும் பதினாறாம் நாள் சோறு போடுவார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே ராமசாமி கிராணி கருமாதிக்கு மறுநாள்தான் பெயரை எடுப்பார். இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. எல்லோருக்கும் தெரியும் என்பதால் புதியவருக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் அம்மா பஞ்சாலை நேராக ஆபீசுக்கு வந்தாள். பின்னாலேயே லயத்துப் பெண்கள் நாலைந்து பேர். நான் உள்ளே துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

“என்னாங்க கிராணியாரே, எம் புருசனப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள பேர அடிச்சிட்டீங்களாமே?”

இவர் எழுந்து நின்றார். “இறந்துட்டார்னு சொன்னாங்கம்மா. அதான்…”

“செத்தா ஒடனே போயிட்டாரா? பதினாறு வரைக்கும் வூட்லதான இருக்காரு! சோறு வைக்காம தொரத்தி வுடச் சொல்றீங்களா?”

“காலேசுல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க போல,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “எலையக் காயப்போட மட்டும் சொல்லித் தருவாங்க.”

இவர் முகம் சிவந்துவிட்டது. “எனக்குத் தெரியாதும்மா,” என்றார். “நெசமாவே தெரியாது.”

முனியாண்டி குறுக்கே வந்தார். “வுடு பஞ்சால. கிராணியாரே, பேரத் திருப்பி எழுதிடுங்க. பதினாறு கழிச்சு அடிச்சிக்கலாம் லா. யாரு பாக்கப்போறா?”

அப்போது மங்கம்மா பேசினாள். அவள் வந்ததையே நான் கவனிக்கவில்லை.

“எம் புருசன் அப்படித்தான் எழுதினாரு,” என்றாள். “செத்த ஆளுங்க பேர எடுக்காம வச்சிருந்தாரு. அந்தச் சப்பான்காரன் தலைய எண்ணினான். இப்ப அவரு எங்க இருக்காருன்னு யாருக்காவது தெரியுமா?”

தங்கராஜு திருடியதாகத்தான் மொரிதா சொன்னார். லயத்தில் யாரும் அதை நம்பவில்லை, ஆனால் மங்கம்மா முன்னால் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பால் டின் நிறைய அரிசி. அவருடைய பங்கு. அம்மா அதைத் தொடவில்லை.

“ஒங்க அரிசி வேணாங்க. அப்புறம் நீங்க என்னாத்தத் தின்பீங்க? இருவது வருசம் இந்தத் தோட்டத்துல பால் வெட்டுன ஆளு அவரு. அவரு பங்கு அவருக்கு வரணும். பிச்ச இல்ல.”

“சரிம்மா,” என்றார். டின்னை எடுத்துக்கொண்டு போனார். 

மறுநாள் காலை நான் கூட்டப் போகும்போதே மேசையில் உட்கார்ந்திருந்தார். முனியாண்டி வந்ததும் அவரைக் கூப்பிட்டார்.

“முனியாண்டி, இந்த மாச அரிசி நமக்கு எப்ப வந்தது?”

“ஒண்ணாந்தேதி. மூட்டையா சிரம்பான்லேருந்து.”

“அன்னைக்குச் சன்னாசி உயிரோட இருந்தார். அவருக்கும் சேத்துத்தான் வந்திருக்கு. வாங்கின பக்கத்துல அவர் அரிசி இருக்கு. இப்ப கொடுத்த பக்கத்துல என்ன எழுதறதுன்னுதான் கேள்வி.” புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு புதுத் தலைப்பு எழுதியிருந்தார்: ‘பதினாறு நாள் அரிசி.’ கீழே அப்பாவின் பெயரும் மற்ற இருவர் பெயரும், அவர்கள் இறந்த தேதியும். “ஆள் இறந்துட்டார்னும் எழுதுவேன். அரிசி கொடுத்தேன்னும் எழுதுவேன். ரெண்டும் உண்மைதான?”

முனியாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். “இத மொரிதாகிட்ட காட்டப் போறீங்களா? மத்தவங்க மறைச்சு மாட்டிக்குவாங்க. நீங்க தொறந்து காட்டி மாட்டிக்கப் போறீங்க. பைத்தியம் லா ஒங்களுக்கு!”

“பேர் வேற, தலை வேறன்னு இருந்தா எப்பவும் மாட்டிக்குவேன். இதுல பேரும் தலையும் ஒண்ணு. மிச்சத்த அவர் சொல்லட்டும்.”

மொரிதா வர இன்னும் மூன்று நாள் இருந்தது. இவர் காத்திருக்கவில்லை. அன்றைக்கே மூன்று வீட்டுக்கும் அரிசி அளந்து கொடுக்கச் சொன்னார். அம்மா அப்பாவின் பங்கை வாங்கி வந்து, உலையில் போடாமல் கொஞ்ச நேரம் பையில் கைவிட்டு அளைந்துகொண்டே இருந்தாள். “இந்தக் கிராணிப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது,” என்றாள்.

மொரிதா வந்த அன்று நான் தேநீர்க் கெண்டியோடு கதவோரம் நின்றேன். வழக்கம்போல விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். புதுத் தலைப்புக்கு வந்ததும் விரல் நின்றது. அது என்ன என்று மலாயில் கேட்டார். இவர் தெரிந்த மலாயில் சொல்லத் தொடங்கினார். எங்களுக்கு மலாய் தோட்டத்திலேயே வந்துவிடும். இவர் ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. “ஒராங் மாத்தி,” என்றார், செத்த ஆள் என்று. “பெராஸ்,” என்றார், அரிசி என்று. அதற்கு மேல் வரவில்லை.

மொரிதா மேசையில் அடித்தார். “செத்தவன் சோறு தின்பானா? நீயும் திருடனா?”

இவர் முகத்து வேர்வை தாளில் விழுந்தது. அவர் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது, எடுக்கவில்லை. வெளியே முனியாண்டி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். லோரி வந்துவிட்டதுபோலவே இருந்தது.

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. கெண்டியைக் கீழே வைக்காமலே மலாயில் சொன்னேன்: “துவான், எங்களில் ஒருவர் இறந்தால் பதினாறு நாள் வீட்டில் இருப்பார். அவருக்குச் சோறு வைப்போம். பதினாறாம் நாள் அனுப்பி வைப்போம். அதற்குத்தான் இந்த அரிசி. ஒன்றாம் தேதி அவர்கள் பெயரில் வந்த அரிசிதான். வேறு அரிசி இல்லை.”

மொரிதா திரும்பிப் பார்த்தார். நான் அந்த ஆபீசில் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

“நீ யார்?”

“முதல் பெயர் என் அப்பா.”

அவர் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். தேதிகளைப் பார்த்தார். வாங்கிய பக்கத்தைப் புரட்டி அரிசியைக் கூட்டிப் பார்த்தார், கொடுத்த பக்கத்தையும் கூட்டினார். ரொம்ப நேரம் கூட்டினார். பிறகு, தங்கள் ஊரில் இறந்தவருக்கு நாற்பத்தொன்பது நாள் என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் யாரோ கேட்டதுபோல, “நாற்பத்தொன்பது நாளெல்லாம் நான் தரமாட்டேன்,” என்று கடுமையாகச் சொன்னார். “மாதம் முடிந்தால் இதுவும் முடியவேண்டும். அடுத்த மாத மூட்டையில் செத்தவன் பெயர் இருக்கக்கூடாது.” முத்திரையை எடுத்து வைத்தார்.

அதோடு விடவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்து எண்ணினார். கைக்குழந்தைகளைக்கூடத் தூக்கிக் காட்டச் சொன்னார். பெயர் எத்தனையோ தலையும் அத்தனை. சரி என்று கையைக் காட்டிவிட்டு மோட்டாரில் ஏறிப் போனார். எல்லோரும் வேலைக்குக் கலைந்தார்கள். மங்கம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். இவர் அவளிடம் போய், “தங்கராஜு திருடலன்னு நானும் எழுதி வைக்கிறேம்மா,” என்றார். எங்கே எழுதினார் என்று தெரியாது. தங்கராஜு திரும்பி வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் யாரும் அவரைப் பற்றித் தாழ்வாகப் பேசியதில்லை.

பதினாறாம் நாள் அப்பாவின் அரிசியோடு மரவள்ளிக்கிழங்கையும் வேகவைத்து எல்லோருக்கும் போட்டோம். இவரையும் அம்மா கூப்பிட்டிருந்தாள். இலை போட்டதும் இவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“என்னாங்க கிராணியாரே,” என்றாள் அம்மா, “எலைக்கு அடியில சோறு தேடுறீங்களா?”

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அன்றுதான் சிரித்தார்கள்.

பிறகு மாதக் கடைசியில் யாராவது இறந்தால், மாதம் முடிய மிச்சமிருந்த இரண்டு மூன்று நாளுக்குத்தான் அவர்கள் அரிசி கிடைத்தது. அப்போது லயத்தில் ஆளுக்கு ஒரு பிடி சேர்த்துக் கொடுத்தார்கள். அதையும் இவர் அதே தலைப்பில் எழுதி, வந்த பக்கத்தில் கொடுத்த வீடுகளின் பெயரைப் போட்டார். ஜப்பான்காரன் போகும்வரை மேட்டுத் தோட்டத்தில் கருமாதி நின்றதில்லை. இவர் லோரியிலும் ஏறவில்லை.

சண்டை முடிந்ததும் பள்ளிக்கூடம் திறந்தது. வாத்தியார் வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

“காலேசுப் படிப்பு வீணாவுதே!” என்று அம்மா அடித்துக்கொண்டாள். “இங்க குந்திக் கணக்கெழுதவா கப்பலேறி வந்தீங்க?”

“இலையப் பத்தித் தப்பா சொன்னா பையனுக்கு மார்க்தாம்மா போகும்,” என்றார். “இங்க தப்பா எழுதினா ஆள் போறான். அந்தப் பயம் எனக்குப் பழகிப்போச்சு. பிடிச்சும் போச்சு.”

அம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனால் அடுத்த மாதமே முனியாண்டியை அவரிடம் அனுப்பி, பெண் எடுக்கச் சம்மதமா என்று கேட்டாள். முனியாண்டி நியாயமானவர். குறையையும் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்: “பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா வாயே தொறக்காது.”

“தேவைப்பட்டா தொறக்கும்,” என்றாராம் இவர்.

1946-ல் கல்யாணம். அதற்கப்புறம் லண்டனிலிருந்து தபாலில் பாடம் வரவழைத்துக் கணக்குப் பரீட்சை எழுதினார். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து எழுதி, இரண்டு தடவை தவறிவிட்டு, மூன்றாம் தடவை பாஸானார். சிரம்பானில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்காளராகச் சேர்ந்து, அங்கேயே தலைமைக் கணக்காளராகி ஓய்வு பெற்றார். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், “சார் நீங்க பி.காம்.ஆ?” என்று கேட்பார்களாம். “இல்ல, செடி,” என்பாராம்.

இப்போது நாங்கள் சிரம்பான் லோபாக்கில் மகன் வீட்டில் இருக்கிறோம். அவருக்கு எழுபத்தொரு வயது. தகரப் பெட்டியில் இருந்த இலைகளைக் கரையான் தின்றது போக ஏழெட்டு மிஞ்சியிருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு மரண சகாய சங்கம் இருக்கிறது, அதன் கணக்கை அவர்தான் எழுதுகிறார். யார் வீட்டில் துக்கம் என்றாலும் சங்கம் ஒரு மூட்டை அரிசி கொடுக்கிறது, அதற்கு அவர் வைத்திருக்கும் தலைப்பு அதே பழைய தலைப்புதான். கண் மங்கிவிட்டதால் ரசீதுகளை நான் வாசிக்கிறேன், இரண்டு பக்கமும். அவர் எழுதுகிறார். போன மாதக் கணக்கை நேற்று முடித்தோம், சரியாக வந்தது.